பத்தாண்டு ஒப்பந்தம்: லாபமா, நஷ்டமா?

சரக்கு எவ்வளவு உயர்ந்ததானாலும், பத்து வருடத் தேவையை இன்றைய விலைக்கே நாம் பேசி முடிப்போமா? அமெரிக்க பேஸ்பால் அணிகள் நட்சத்திர வீரர்கள் விஷயத்தில் அதைத்தான் செய்கின்றன. ஒப்பந்தம் போட்டபின் வீரரின் ஆட்டம் தளர்ந்தாலும் பேசிய தொகையைக் கொடுத்தே தீரவேண்டும்.

2000 டிசம்பரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி, 25 வயது அலெக்ஸ் ரோட்ரிகஸை 10 ஆண்டுகளுக்கு 25 கோடியே 20 லட்சம் டாலருக்கு எடுத்தது. அவர் குறை வைக்கவில்லை; மூன்றே ஆண்டுகளில் 156 ஹோம் ரன்கள் அடித்தார். ஆனால் பந்துவீச்சு பலவீனமாக இருந்ததால், மூன்று ஆண்டும் அணிக்குத் தன் பிரிவில் கடைசி இடம்தான். 2004-ல் அவரை நியூயார்க் யாங்கீஸுக்கு மாற்றியபோது, மீதிச் சம்பளத்தில் 6 கோடியே 70 லட்சம் டாலரை ரேஞ்சர்ஸே தர ஒப்புக்கொண்டது. சரக்கும் போயிற்று, கைப்பணமும் போயிற்று!

2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அணி, 31 வயது ஆல்பர்ட் பூஹோல்ஸை 10 ஆண்டுகளுக்கு 24 கோடி டாலருக்கு எடுத்தது. வயது ஏற ஏற ஆட்டம் இறங்கியது. 2021 மே மாதம், கடைசி ஆண்டு முடியுமுன்பே அவரை விடுவித்தது.

லாபக் கணக்கும் உண்டு. 2015-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி, பந்துவீச்சாளர் மாக்ஸ் ஷெர்சரை 7 ஆண்டுகளுக்கு 21 கோடி டாலருக்கு எடுத்தது. உடன் ஆட நல்ல வீரர்களும் இருந்தார்கள். 2019-ல் கோப்பை கிடைத்தது.

ஆக, விலை மட்டுமே குற்றமல்ல. கடைசி ஆண்டுகளில் அந்த வீரர் என்ன பெறுவார், அவருக்குக் கொடுத்தது போக மற்ற இடங்களுக்குப் பணம் மிஞ்சுமா என்று பார்த்தே கையெழுத்திட வேண்டும். ஒரே சரக்கில் முதலை முடக்கினால் மற்ற அலமாரிகள் காலியாகும் என்பது நாம் அறியாததா?