இரண்டு வாரத்தில் என்ன முடியும்?

எங்கள் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, வீடு கட்டுற மேஸ்திரிகிட்ட கேட்டாக்கூட சித்திரைக்குள்ள முடிச்சிடலாம்மான்னு ஒரு கணக்கு சொல்றாரு. உங்க ஆளுங்களைக் கேட்டா, ரெண்டு வாரம் போகட்டும், பாத்துட்டுச் சொல்றோம்கறாங்க. ரெண்டு வாரத்துல அப்படி என்னதான் முடியும்?"

நியாயமான கேள்வி. ஸ்பிரின்ட், பேக்லாக், ஸ்டோரி, ஸ்டாண்ட்-அப் என்று மென்பொருள்காரர்கள் பேசுவது பக்கத்து மேசைக்கு எட்டுவதில்லை. இவையெல்லாம் 'அஜைல்' என்ற வேலைமுறையின் சொற்கள். அகராதியைப் பார்த்தால் சுறுசுறுப்பு என்று பொருள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, வேலையைச் சீக்கிரம் முடிக்கும் வித்தை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது தப்பைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் வித்தை.

மேஸ்திரி கணக்கு

மேஸ்திரி தேதி சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. வரைபடம் கையில் இருக்கிறது. இதுபோல் இருபது வீடு அவர் கட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்வதற்கும் காரணம் உண்டு. தளம் போட்டபிறகு படிக்கட்டை இடம் மாற்றினால் செலவு தாங்காது.

மென்பொருளையும் தொடக்கத்தில் இப்படித்தான் கட்டப் பார்த்தார்கள். முதலில் தேவைகளை எழுது, பிறகு வடிவமை, நிரல் எழுது, சோதி, கடைசியில் கையில் கொடு. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு நீர் விழுவதுபோல் இருப்பதால் இதற்கு 'வாட்டர்ஃபால்' என்று பெயர் வந்தது. இதன் தொடக்கமாகப் பலரும் காட்டுவது 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற பொறியாளர் எழுதிய கட்டுரை. வேடிக்கை என்னவென்றால், இந்தப் படிக்கட்டுப் படத்தை வரைந்த அவரே, இதை அப்படியே பின்பற்றுவது ஆபத்து என்றும் அதில் எழுதியிருந்தார். படம் நிலைத்தது, எச்சரிக்கை மறந்துபோனது.

ஆபத்து எங்கே இருக்கிறது? வீட்டுக்காரருக்கு வீடு என்றால் என்னவென்று தெரியும். புது மென்பொருள் கேட்பவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பது, ஒன்றைப் பயன்படுத்திப் பார்க்கும்வரை பாதிதான் தெரியும். வாட்டர்ஃபாலில் அந்த வாய்ப்பு கடைசி நாளில்தான் வருகிறது.

எஃப்.பி.ஐ. கற்ற பாடம்

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., காகிதக் கோப்புகளுக்குப் பதிலாக 'விர்ச்சுவல் கேஸ் ஃபைல்' என்ற மென்பொருளை உருவாக்க முயன்றது. தேவைகளைச் சொல்லும் ஆவணமே 800 பக்கத்தைத் தாண்டியது. வேலை நடக்கும்போதே தேவைகளும் மாறிக்கொண்டிருந்தன. 17 கோடி டாலர் செலவான நிலையில், 2005-ல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

அடுத்த முயற்சி 2006-ல் தொடங்கிய 'சென்டினல்'. மதிப்பீடு 42.5 கோடி டாலர், நான்கு கட்டங்கள். 2010-க்குள் 40 கோடிக்கு மேல் கரைந்துவிட்டது; கைக்கு வந்தவை இரண்டு கட்டங்கள் மட்டுமே. அப்போது எஃப்.பி.ஐ. வேலையைத் தன் பொறுப்பில் எடுத்து, அஜைல் முறைக்கு மாறியது. ஏறத்தாழ 220 ஆக இருந்த ஒப்பந்தப் பணியாளர்களை 40 அளவுக்குக் குறைத்தது. மீதி வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் மென்பொருளைக் காட்ட வைத்தது. அப்போதும் சொன்ன தேதி தவறியது. 2011-ல் நடந்த ஒத்திகையின்போது அமைப்பு இடையிலேயே நின்றுபோனது. ஆனால் மென்பொருள் எல்லோர் கைக்கும் போவதற்கு முன்பே அந்தக் குறை தெரிந்துவிட்டது. 2012 ஜூலையில் சென்டினல் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது.

பனிமலையில் பதினேழு பேர்

அஜைல் என்ற பெயர் பிறந்தது 2001 பிப்ரவரியில். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் பதினேழு மென்பொருள்காரர்கள் கூடினார்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே வெவ்வேறு முறைகளைக் கையாண்டவர்கள். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாந்தும் 'ஸ்க்ரம்' முறையை 1995-லேயே முன்வைத்திருந்தார்கள். ரக்பி ஆட்டத்தில் வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து முட்டும் நிலைக்கு அந்தப் பெயர். கென்ட் பெக், கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் மென்பொருளில் தன் 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' முறையைப் பழகிப் பார்த்திருந்தார்.

அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் மையத்தில் இருப்பவை நான்கே முன்னுரிமைகள். விதிமுறைகளைவிட மனிதர்கள் பேசிக்கொள்வது முக்கியம். தடித்த ஆவணத்தைவிட ஓடும் மென்பொருள் முக்கியம். ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடுவதைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை பார்ப்பது முக்கியம். போட்ட திட்டத்தைக் கட்டி அழுவதைவிட மாற்றத்துக்கு இசைவது முக்கியம். ஆவணமே வேண்டாம், திட்டமே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு யாராவது வந்தால், அது அவருடைய சோம்பேறித்தனம்.

ஒரு லீவ் லெட்டரின் கதை

ஓர் உதாரணத்தைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். முந்நூறு பேர் வேலை பார்க்கும் ஒரு தொழிற்சாலைக்கு விடுப்பு விண்ணப்ப மென்பொருள் வேண்டும். பழைய முறையில் மூன்று மாதம் தேவைகளை எழுதுவார்கள். அஜைல் குழு முதலில் ஓர் அட்டையை எழுதும்: "தொழிலாளியாகிய நான், நாளைக்கு ஒருநாள் லீவ் கேட்க வேண்டும்; போகலாமா கூடாதா என்று இன்றே எனக்குத் தெரிய வேண்டும்." இதற்குத்தான் 'யூசர் ஸ்டோரி' என்று பெயர். யாருக்கு, என்ன, எதற்காக என்ற மூன்றும் அதில் இருக்கும்.

இப்படி எழுதிய அட்டைகள் வரிசையாக நிற்கும் பட்டியல் 'பேக்லாக்'. எது முதலில் என்று முடிவு செய்பவர் 'புராடக்ட் ஓனர்'. இங்கே அவர் மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கலாம்; நிரல் எழுதத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. குழு மேலேயிருந்து சில அட்டைகளை எடுத்து, இரண்டு வாரத்தில் முடிக்கும். அந்த இரண்டு வாரம்தான் 'ஸ்பிரின்ட்'.

முதல் ஸ்பிரின்டின் முடிவில் டெமோ. ஒரே ஒரு வகை விடுப்பு. ஒருவர் கேட்கிறார், மேலாளரின் மின்னஞ்சலுக்குப் போகிறது, அவர் சரி என்கிறார். அவ்வளவுதான். ஆனால் முழுசாக ஓடுகிறது. பார்த்துக்கொண்டிருந்த ஷிப்ட் சூப்பர்வைசர் கேட்கிறார்: "நைட் ஷிப்ட்ல எவன் சார் மெயில் பாக்குறான்? எனக்குக் கம்பெனி மெயிலே கிடையாது." அறை அமைதியாகிறது. மூன்று மாதத் தேவை ஆவணத்தில் யாருக்கும் தோன்றியிருக்காத வரி அது. இப்போது திருத்த இரண்டு நாள் போதும். ஒரு வருடம் கழித்துத் தெரிந்திருந்தால் பாதி மென்பொருளைப் பிரித்துப் போட வேண்டியிருக்கும்.

குழம்பு கொதிக்கும்போதே உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்பதும் இதற்காகத்தான். பந்தியில் பரிமாறிய பிறகு உப்பு இல்லை என்று தெரிந்து பயனில்லை.

நிற்பதும் ஒட்டுவதும்

காலையில் பலகை முன் கூடி நிற்கிறார்களே, அது 'ஸ்டாண்ட்-அப்'. பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்பதால் நிற்கிறார்கள். இன்று என்ன செய்யப் போகிறேன், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இடம் அது. மேலாளர் வருகைப் பதிவு எடுக்கும் இடமாக அது மாறிவிட்டால், நிற்பதில் கால்வலிதான் மிச்சம்.

பலகையில் அட்டைகள் ஒட்டியிருப்பது டொயோட்டா தொழிற்சாலையின் 'கான்பான்' முறையிலிருந்து வந்தது. ஜப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை என்று பொருள். ஒரே நேரத்தில் இத்தனை வேலைக்கு மேல் கையில் எடுக்கக் கூடாது என்பதே அதன் உயிர்நாடி. இதை மென்பொருளுக்குக் கொண்டுவந்த டேவிட் ஆண்டர்சனின் தொடக்க முயற்சியில், மைக்ரோசாஃப்டுக்காக வேலை பார்த்தது ஐதராபாத்தில் இருந்த ஒரு பராமரிப்புக் குழு. எந்த வேலை எத்தனை நாள் ஆகும் என்று மதிப்பீடு போடுவதிலேயே அவர்களுடைய நேரத்தில் கணிசமான பங்கு போய்க்கொண்டிருந்தது. மதிப்பீட்டை நிறுத்தி, கையில் இருக்கும் வேலையின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியதும் தேக்கம் உடைந்தது.

அடிக்கடி மாற்றினால் மென்பொருள் உடையாதா என்ற சந்தேகம் வரலாம். உடையும். அதனால்தான் நல்ல குழுக்கள் நிரலோடு சேர்த்து, அதைச் சோதிக்கும் நிரலையும் எழுதி வைக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்தச் சோதனைகள் தானாக ஓடும். இந்தப் பாதுகாப்பு இல்லாமல் ஸ்பிரின்ட் மட்டும் ஓட்டும் குழு, பிரேக் இல்லாத வண்டியை ஓட்டுகிறது.

அக்காவுக்குப் பதில்

சரி, எப்போது முடியும்? குழு ஒவ்வோர் அட்டைக்கும் 1, 2, 3, 5, 8 என்று பாயின்ட் போடும். பாயின்ட் என்பது நாள் கணக்கு அல்ல. ஓர் அட்டை இன்னோர் அட்டையைவிட எவ்வளவு பெரியது என்பதற்கான குறி. மீதி 120 பாயின்ட் வேலை இருக்கிறது, கடந்த சில ஸ்பிரின்ட்களில் சராசரியாக 20 முடிந்திருக்கிறது என்றால், இன்னும் ஆறு ஸ்பிரின்ட், பன்னிரண்டு வாரம். நடுவில் புது அட்டை சேர்ந்தால் தேதி நகரும், அல்லது வேறோர் அட்டை வெளியே போகும். ஆக, அஜைலிலும் தேதி உண்டு. மேஸ்திரி சொல்வதுபோல் ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிடும் தேதி அல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தேதி.

இதைச் சொன்னதும் அக்கா கேட்டார்: "அப்போ நான் என்ன பண்ணணும்?" கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அடுத்த டெமோவுக்கு அழைப்பு வரும்போது, "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்று ஒதுங்காதீர்கள். போய் உட்காருங்கள், பட்டனை நீங்களே அழுத்திப் பாருங்கள், சரியில்லாததைச் சரியில்லை என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர்கள் இரண்டு வாரம் வேலை பார்த்திருக்கிறார்கள்.