கடல் மீன் ஏன் கரிப்பதில்லை?

கடலிலேயே பிறந்து கடலிலேயே வளர்ந்த மீனாயினும், குழம்பு வைக்கும்போது நாம் உப்புப் போடத்தான் வேண்டியிருக்கிறது. ஏன் என்று என்றாவது சிந்தித்ததுண்டா?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. எலும்பு மீன்களின் இரத்தத்திலோ அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே உப்பு இருக்கும். ஆகவே, கடலில் மீனின் உடலிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டும் உப்பு உள்ளே நுழைந்துகொண்டும் இருக்கும். நன்னீரில் நிலைமை தலைகீழ்: நீர் உள்ளே புகும், உப்பு வெளியே கசியும். எங்கிருந்தாலும் இரத்தத்தின் உப்பளவு நிலையாக இருந்தால்தான் மீன் பிழைக்கும். இப்பொறுப்பில் பெரும்பகுதி செவுளுடையது.

பெரும்பாலான மீன்கள் ஒருவகை நீரில் மட்டுமே வாழக்கூடியவை. மொசாம்பிக் திலாப்பியா அப்படியன்று. தென்கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்தது. அதனால்தான் மலாய்மொழியில் இதற்கு 'இக்கான் ஜெப்புன்' என்ற பெயரும் உண்டு. ஆற்றிலும் வாழும், கடல்நீரிலும் வாழும். எப்படி?

விடை புரதங்களில் இருக்கிறது. ஆறாம் ஆண்டுவரை நான் அறிவியலைத் தமிழில் படித்தேன். அதன்பிறகு கற்ற இப்புரதங்கள் எனக்கு ஆங்கில எழுத்துச் சுருக்கங்களாகவே அறிமுகமாயின. இங்கு அவை செய்யும் வேலையைக் கொண்டே அவற்றுக்குப் பெயரிடுகிறேன்: இறைப்பான், ஏற்றி, மதகு.

செவுளில் உப்பைக் கையாளுவதற்கென்றே தனி உயிரணுக்கள் உள்ளன. இரத்தத்தை நோக்கிய பக்கத்தில் இருப்பது இறைப்பான். அது ஒவ்வொரு முறையும் மூன்று சோடியம் அயனிகளை உயிரணுவிலிருந்து வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கும். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ இதனை நண்டின் நரம்பில் கண்டு 1957இல் வெளியிட்டார். அதற்காக 1997ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மற்றப் புரதங்கள் இயங்க விசை தருவது இந்த இறைப்பானே.

நன்னீரில், நீரை நோக்கிய பக்கத்தில் ஓர் ஏற்றி அமர்ந்து சோடியத்தையும் குளோரைடையும் உள்ளே இழுக்கிறது. மீன் கடல்நீருக்குப் பழகும்போது இந்த ஏற்றி மறைந்துபோகிறது. அவ்விடத்தில் குளோரைடை வெளியே விடும் மதகு ஒன்று தோன்றுகிறது. இரத்தத்தின் பக்கத்தில் வேறோர் ஏற்றி பெருகி, உப்பை இரத்தத்திலிருந்து உயிரணுவுக்குள் கொண்டுவருகிறது. குளோரைடு மதகின் வழியே கடலுக்குச் செல்ல, சோடியம் உயிரணுக்களின் இடுக்கு வழியே வெளியேறுகிறது. உப்பை உள்ளே வாங்கிய செவுள், இப்போது வெளியே தள்ளும் செவுளாகிறது.

ஆனால் இம்மாற்றம் உடனே நிகழ்வதன்று. 2005இல் டியேகோ ஃபியோல், டீட்மார் கூல்ட்ஸ் ஆகியோர், உப்பு கூடிய சில மணி நேரத்திலேயே திலாப்பியாவின் செவுளில் மரபணுக்களை இயக்கும் புரதங்கள் பெருகுவதைக் காட்டினர். கட்டளை விரைவாகப் பிறக்கிறது. ஆனால் மதகும் ஏற்றியும் உருவாகி உரிய இடத்தில் அமர ஓரிரு நாள்களாவது ஆகும். நன்னீரில் வளர்ந்த திலாப்பியாவை நேரே முழுக் கடல்நீரில் விட்டால், இவ்வேலை முடிவதற்குள் அது இறந்துவிடும். இடையில் உவர்நீரில் சிறிது காலம் வைத்திருந்தால் பிழைத்துக்கொள்ளும். மீன் வளர்ப்போர் உவர்ப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதும் இதனால்தான்.

திலாப்பியாவை உப்பைத் தாங்கும் மீன் என்பார்கள். உண்மையில் அது தன் கருவிகளை மாற்றிக்கொள்ளும் மீன். அதற்கு நாம் தர வேண்டியது அவகாசம் மட்டுமே.