மகாராஜா உட்கார்ந்த நாற்காலியா?

மும்பை சோர் பஜாரில், மட்டன் ஸ்ட்ரீட் கடைகளுக்கு வரும் சித்திர வேலைப்பாடுள்ள கை நாற்காலி எதுவும் சாதாரண வீட்டிலிருந்து வந்ததாகக் கேள்விப்பட முடியாது. ஏதாவது சமஸ்தானத்து மகாராஜா உட்கார்ந்ததாக இருக்கும். இல்லையென்றால் பெயர் சொல்ல விரும்பாத பார்ஸி சீமாட்டியுடையது. பேரம் பேசினால் விலை குறையும், கதை குறையாது.

கதையை விட்டுவிட்டு மரத்தைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பம்பாய்க்கென்றே ஒரு பாணி இருந்தது. வியாபாரத்தில் அதன் பெயர் 'பாம்பே பிளாக்வுட்'. மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிதான். தோதகத்தி என்றும் சொல்வார்கள். மலபார், கனரா கரைகளிலிருந்து கப்பலேறி வந்து, கோட்டைப் பகுதியின் மெடோஸ் ஸ்ட்ரீட் பட்டறைகளில் நாற்காலியும் சோபாவும் ஆனது. அந்தத் தெரு இன்று நாகின்தாஸ் மாஸ்டர் ரோடு. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து மில்களுக்கு அமெரிக்கப் பஞ்சு வரத்து அடிபட, இந்தியப் பஞ்சை விற்ற பம்பாய் வியாபாரிகள் கையில் பணம் புரண்டது. பணம் வந்த வீட்டு ஹாலுக்குப் பார்த்தவர் அசரும்படி ஒரு சாமான் வேண்டாமா?

வளைந்த கால், முட்டை வடிவ முதுகு என்று உருவமெல்லாம் பிரெஞ்சு ரொக்கோகோ. விக்டோரியா காலத்து இங்கிலாந்து அதை மறுபடி தூசி தட்டி எடுத்திருந்தது. அந்தச் சட்டத்தின் மேல் நம் தச்சர் ஒரு விரற்கடை இடம்கூட விடாமல் கொடியும் இலையும் பூவும் பறவையுமாக, ஊடே வெளிச்சம் தெரியும்படி குடைந்து தள்ளினார். அளவு மீறிய அலங்காரம் என்று அக்காலத்து ஐரோப்பிய ரசிகர்கள் முகம் சுளித்ததுண்டு. எனக்கு அந்த உளி வேலை பிடிக்கும். ஆனால் சாய்ந்து உட்காரச் சொன்னால் மாட்டேன். திராட்சைக் கொத்து முதுகெலும்பைத் தேடி வந்து குத்தும்.

இந்த நகரத்து நாற்காலித் தொழிலில் ஒரு வேடிக்கையான ஆளும் உண்டு. 1879 பிப்ரவரியில் பிரம்மஞான சபை நிறுவனர்களான பிளவாட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் பம்பாயில் வந்து இறங்கியபோது, எட்வர்ட் விம்பிரிட்ஜ் என்ற கட்டடக் கலைஞரும் கூட வந்தார். அடுத்த ஆண்டே அவர்களுக்கும் இவருக்கும் சண்டை. பிளவாட்ஸ்கியும் ஆல்காட்டும் 1882இல் அடையாறு போய்ச் சேர்ந்தார்கள். விம்பிரிட்ஜ் பம்பாயிலேயே தங்கி, மரச்சாமான் கம்பெனி வைத்துப் பிழைத்துக்கொண்டார்.

1930களில் ஆர்ட் டெகோ வந்தது. 1937இல் டவுன் ஹாலில் கட்டடக் கலைஞர்கள் நடத்திய 'ஐடியல் ஹோம்' கண்காட்சி, வழவழப்பான, செதுக்கல் இல்லாத சாமானைத்தான் நவீனம் என்று காட்டியது. மாட்டுங்காவில் நம் தமிழர்கள் குடியேறிய கட்டடங்களில் பல அந்தக் காலத்தவை. தூசி தட்டியே கை ஓய்ந்துபோகும் சித்திர நாற்காலிக்கு அங்கே இடமில்லை.

ஆக, பாணி ஒரு நாற்காலியின் வயதைச் சொல்லும். திருகாணியைக் கழற்றிப் பார்த்தால், நுனி கூராக இருந்தால் அது பெரும்பாலும் 1850க்குப் பிந்தையது. செதுக்கலின் பின்பக்கம் உளித் தடம் இருக்கிறதா, மிஷின் வழவழப்பா என்று விரலால் தடவியே அறியலாம். ஆனால் யார் உட்கார்ந்தார் என்பதை மரம் சொல்லாது. அதற்குக் காகிதம் வேண்டும்.

காகிதம் இருந்தால் கதை எப்படி இருக்கும் என்பதற்குக் கண்டி அரியணை சாட்சி. அதுவும் அடிப்படையில் பொன் தகடு போர்த்திய மரக் கை நாற்காலிதான். 1693இல் டச்சு ஆளுநர் தாமஸ் வான் ரீ, மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. 1739 முதல் மதுரை வழி நாயக்கர் மன்னர்களுடையது. 1815இல் கண்டி வீழ்ந்தது. கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டைக்குக் கைதியாகப் போனார், நாற்காலி வின்ட்சர் மாளிகைக்குப் போனது. மன்னர் 1832இல் வேலூரிலேயே இறந்தார். நாற்காலி மட்டும் 1934இல் ஊர் திரும்பியது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொடுத்தவர், வாங்கியவர், பறித்தவர், திருப்பித் தந்தவர் எல்லோருக்கும் பெயரும் ஆண்டும் உண்டு.

நம் வீட்டு நாற்காலிக்கு அவ்வளவு வேண்டாம். வாங்கிய பில், ஏலக் கடைச் சீட்டு, உயிலில் ஒரு வரி போதும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது தாண்டிய கைவேலைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதால், வயதுக்கான அத்தாட்சி விலைக்கு மட்டுமல்ல, வில்லங்கம் வராமலிருக்கவும் உதவும்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்கள் இடிபட்டு, வீடு காலி செய்யும்போது இந்தக் காகிதங்கள்தான் முதலில் பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. மிஞ்சுவது தாத்தாவின் புகைப்படம். அதில் அவர் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் சித்திர நாற்காலியை வைத்து மட்டும் உரிமை கொண்டாடிவிடாதீர்கள். பெரும்பாலும் அது ஸ்டூடியோக்காரருடையது. அன்று படம் எடுத்துக்கொண்ட எல்லாத் தாத்தாக்களும் அதில்தான் உட்கார்ந்தார்கள்.