கணையத்துக்கான கேப்ஸ்யூல்... விலை குறைவானதை வாங்கும் முன் இதைப் பாருங்க!

நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்குச் சாப்பாட்டுச் செலவோடு மருந்துச் செலவும் சேர்ந்துகொள்கிறது. வேளா வேளைக்கு 'க்ரியான்' போன்ற கேப்ஸ்யூல், பலருக்கு ஆயுள் முழுக்க. 'இதே மருந்து விலை குறைவா இருக்கா?' என்று கேட்பதில் தப்பே இல்லை. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம்.

கேட்க வேண்டிய பெயர், பான்க்ரியாட்டின். அட்டையில் 'லைப்பேஸ்' எத்தனை யூனிட் என்று பாருங்கள். கொழுப்பைச் செரிக்க வைப்பது அதுதான். 25,000 யூனிட் கேப்ஸ்யூல் 50 ரூபாய், 10,000 யூனிட் 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றும். 10,000 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது 20 ரூபாய்தான்!

இந்த என்சைம் வயிற்று அமிலத்தில் வீணாகிவிடும். அதனால், குடலுக்குப் போய்க் கரையும்படி மேல்பூச்சு உள்ளதா என்றும் கேளுங்கள். அதை மென்று விழுங்கக் கூடாது.

சில கடைகளில் 'இதுவும் என்சைம்தான்' என்று செரிமான டானிக்கை நீட்டுவார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது டயஸ்டேஸும் பெப்சினும். ஒன்று மாவுச்சத்துக்கு, மற்றது புரதத்துக்கு. கொழுப்புக்கு உதவாது. கல்யாண விருந்து மந்தத்துக்கு வேண்டுமானால் குடிக்கலாம்; கணைய நோயாளிக்கு அது மாற்று அல்ல.

பான்க்ரியாட்டின் பொதுவாகப் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. பிராண்டை மாற்றினாலும் இது மாறாது. மனதுக்கு உறுத்தலாக இருந்தால் டாக்டரிடம் பேசுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் சீட்டைக் காட்டி விசாரியுங்கள். கிடைத்தால், டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். மாற்றிய பின் மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தாலோ, எடை குறைந்தாலோ அளவு போதாமல் இருக்கலாம். பழைய அட்டை, புது அட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.