மிளகின் பளபளப்பும் மக்களின் ஐயமும்

கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியில், யூதர் தெருவின் பண்டகசாலைகள் முன்னாளில் மிளகும் சுக்கும் ஏலமும் நிறைந்திருந்தன. இன்று அவற்றுட் பல, பயணிகளுக்குப் பழம்பொருள் விற்கும் கடைகளாகிவிட்டன. ஆயினும், மிளகின் தரத்தைப்பற்றிப் பேச இவ்வூரினும் ஏற்ற இடம் வேறில்லை. மிளகுக்கான முன்பேர வியாபாரம் 1957-இல் இங்கேதான் தொடங்கியது.

நல்ல மிளகு எது என்று கேட்டால், கறுத்துப் பளபளப்பாக இருப்பது என்றே பலரும் விடையளிப்பர். வெயிலில் உலர்ந்த மிளகுக்கோ இயல்பாக அத்தகைய மினுமினுப்புக் கிடையாது. பச்சை மிளகின் தோலிலுள்ள பினால் வகைப் பொருள்கள், நொதிகளின் செயலால் ஆக்ஸிஜனுடன் சேர்ந்து கறுக்கின்றன; தோல் சுருங்கிச் சுரசுரப்பாகிறது. காரத்தைத் தருவது பைப்பரின். மணத்தைத் தருவது ஆவியாகும் எண்ணெய். இவ்விரண்டும் கண்ணுக்குப் புலப்படா.

வாங்குவோர் விரும்பும் பளபளப்பை அளிக்க, பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் கனிம எண்ணெயைப் பூசும் வழக்கம் புகுந்தது. பூசிய மிளகில் தூசி தெரியாது. பூஞ்சணமும் எளிதிற் பற்றாது. 2012 டிசம்பரில், கொச்சிக் கிடங்குகளில் முன்பேர வியாபாரத்துக்காகச் சேமித்திருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகை, கனிம எண்ணெய் காரணமாக அதிகாரிகள் முத்திரையிட்டனர். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது.

கனிம எண்ணெய் யாவும் நஞ்சு என்பது பொருந்தாது. நன்கு தூய்மை செய்த வகை மருந்தாகவும் பயன்படுகிறது. செம்மையாகச் சுத்திகரிக்காத எண்ணெயில் எஞ்சும் சில அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களே புற்றுநோயை உண்டாக்கவல்லவை. தன் மிளகிற் பூசியது எவ்வகை என்பதை வாங்குவோன் அறியான். இடர் அங்கேதான் உள்ளது. பூஞ்சணத்தைத் தடுக்க எண்ணெய் வேண்டுவதுமில்லை. ஈரம் ஏறக்குறைய நூற்றுக்கு 11 பங்குக்கு மேற்படாமல் உலர்த்திக் காப்பாற்றினாற் போதும்.

கண்ணுக்கினிய இச்சேர்க்கையை ஐயுறாதவர்களே, மரபணு மாற்றிய பயிர் என்றதும் அஞ்சுவதைக் காண்கிறோம். வட கேரளத்துப் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பன்னியூர்-1 என்னும் கலப்பின மிளகை உழவர்கள் தயக்கமின்றி ஏற்றனர். அதிற் கலந்தவை இரண்டும் மிளகே. பி.டி. கத்தரியிலோ, காய்த் துளைப்பானைக் கொல்லும்பொருட்டு மண்வாழ் பாக்டீரியா ஒன்றின் மரபணு சேர்க்கப்பட்டது. 2010 ஜனவரியில் பல நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டபின், பிப்ரவரியில் மத்திய சர்க்கார் அதன் சாகுபடியை நிறுத்திவைத்தது. நெடுங்காலம் உண்டால் விளைவு யாது, விதை யார் கையில் இருக்கும், நாட்டு வகைகளோடு கலந்துவிடுமா என்று எதிர்த்தோர் வினவினர். இவற்றை வெறும் அறியாமை எனத் தள்ளுதல் தகாது. முதல் வினாவும் மூன்றாவதும் சோதனைக்கு உட்படுவன. இரண்டாவதற்குச் சோதனைச்சாலை விடை கூறாது. ஆனால் நெடுங்காலம் உண்டால் என்னவாகும் என்று மிளகுக் கடையிற் கேட்பவர் எத்தனை பேர்?

ஐயமுள்ள மிளகை உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பார்க்கலாம். மண்ணெண்ணெயை ஒத்த வாடை வீசினால், கனிம எண்ணெய் பூசியிருத்தல் கூடும். வாடையில்லாமை தூய்மைக்குச் சான்றாகாது. அதை உறுதிசெய்ய ஆய்வுக்கூடப் பரிசோதனையே வேண்டும்.