பழைய வண்டிக்குப் புதிய பின்னச்சு

1950களின் நடுவில் வெளிவந்த 803 சி.சி. மோரிஸ் மைனரின் பின்சக்கரம் ஒருமுறை சுழல, நான்காம் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 5.4 முறை சுழலவேண்டும். 1962இல் வந்த 1098 சி.சி. வண்டியின் பின்னச்சுக்கோ 4.2 முறையே போதும். ஆதலின், பிந்திய அச்சை முந்திய வண்டிக்குப் பொருத்தினால் சமவெளியில் எஞ்சின் இரைச்சல் தணியும். மேட்டில் அச்சிறிய எஞ்சின் திணறும்.

அச்சைத் தாங்குவதோடு அதனை இடம்பெயராமல் பிடித்து நிறுத்துவனவும் ஸ்பிரிங் பட்டைகளே. அவற்றை இருபுறமும் ஒருசேர மாற்றுதல் வேண்டும். ஒருபுறம் மட்டும் மாற்றினால் வண்டி சாயும்.

யாவற்றினும் கருதத்தக்கது வேகமானி. அது கியர்ப்பெட்டியிலிருந்து இயங்குவது. அச்சு மாறியதை அறியாது. முள் 40 மைல் காட்டும்போது வண்டி 50 மைலுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். அதனையும் திருத்திய பின்னரே வண்டியைச் சாலைக்குக் கொணர்தல் முறையாகும்.