காணாமல்போன 1

அப்பா போனில் கொஞ்சம், அக்காவின் மடிக்கணினியில் கொஞ்சம் என்று வீட்டுப் படங்கள் சிதறிக் கிடக்கும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்க, பழைய கணினியில் நாலைந்து ஹார்ட் டிஸ்க்குகளைப் பூட்டி ‘ஃபைல் சர்வர்’ ஆக்குபவர்கள் உண்டு. பெரிய டிஸ்க் ஒன்றே போதாதா? நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டுகள் அதற்குள் இருக்கின்றன. என்றைக்காவது அது மக்கர் பண்ணும்.

அப்போது படங்களைக் காப்பாற்ற ஒரு கணக்கு இருக்கிறது. பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு எல்லாமே 0, 1 தான். மூன்று டிஸ்க்குகளில் 1, 0, 1 என்று இருக்கட்டும். எத்தனை 1? இரண்டு, அதாவது இரட்டைப்படை. அதனால் நாலாவது டிஸ்க்கில் 0 எழுதுங்கள். ஒற்றைப்படையாக வந்தால் 1 எழுத வேண்டும். ஆக, நாலையும் சேர்த்தால் 1-களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான். இப்போது மூன்றாவது டிஸ்க் கெட்டுவிட்டது. மிச்சம் 1, 0, 0. இரட்டைப்படை ஆக ஒரு 1 குறைகிறதே? தொலைந்தது அதுதான்!

இதற்குப் பாரிட்டி என்று பெயர். (நிஜத்தில் இந்தக் கூடுதல் எண்ணை ஒரே டிஸ்க்கில் குவிக்காமல் எல்லாவற்றிலும் பரப்பி வைப்பது வழக்கம்.) இரண்டு டிஸ்க் சேர்ந்து போனால் இந்தக் கணக்கு பலிக்காது. நீங்களே ஒரு படத்தை அழித்துவிட்டாலும் பலிக்காது. அதற்குத் தனியாக ஒரு நகல் வேண்டும். 1987இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர் இத்தகைய முறைகளை வகைப்படுத்தி ‘ரெய்ட்’ என்று பெயர் வைத்தார்கள்.

சரி, கணக்கை யார் போடுவது? ரெய்ட் கார்டு என்று ஒன்று உண்டு. அதற்கென்று தனிச் செயலி, தனி நினைவகம். கணினிகள் மந்தமாக இருந்த காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் அது தகவலைத் தன் பாணியில் எழுதிவைக்கும். கார்டு கெட்டால், டிஸ்க்குகள் நன்றாக இருந்தும் அதே வகைக் கார்டைத் தேடி அலைய நேரலாம்.

எச்.பி.ஏ. என்ற இன்னொரு கார்டு, கடிதத்தைப் பிரிக்காமல் கொடுத்துவிட்டுப் போகும் தபால்காரர் மாதிரி. டிஸ்க்குகளை உள்ளபடி கணினிக்குக் காட்டும், அவ்வளவுதான். கணக்கை இசட்.எஃப்.எஸ். போன்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கார்டு போனால் வேறொன்றைச் செருகலாம். வீட்டுக்கு இதுவே மேல் என்பேன்.

அதையும் உடனே வாங்க ஓட வேண்டாம்! கணினியின் தாய்ப்பலகையிலேயே பெரும்பாலும் நாலு அல்லது ஆறு ‘சாட்டா’ துளைகள் இருக்கும். டிஸ்க்குகள் அதற்குள் அடங்கினால் கார்டே தேவையில்லை. வேகத்துக்காகவும் செலவழிக்க வேண்டாம். வீட்டு நெட்வொர்க் கம்பி ஒரு கிகாபிட் வகை என்றால், நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் அதில் போகாது. புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றே அதைத் தாண்டிவிடும்.

எட்டு டிஸ்க் வேண்டுமென்றால் கார்டு வாங்கத்தான் வேண்டும். பல எச்.பி.ஏ. கார்டுகளில் இரண்டே இரண்டு துளைகள்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் செருகும் கேபிள் நாலு வால்களாகப் பிரியும். கார்டின் நடுவே விரல் வைத்தால் சுடும் ஓர் அலுமினியத் துண்டு இருக்கும். பெரிய விசிறிகள் இரையும் சர்வர் அறைக்காகச் செய்த கார்டு அது. வீட்டுப் பெட்டிக்குள் அதன்மேல் ஒரு சின்ன விசிறியைப் பொருத்திவிடுங்கள்.